கோதுமையை நிறுத்திய பின் இரத்தம் சோதிக்கலாமா?

கடந்த மாரிக்கு முன்னர், மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலே விதைநெல் பங்கீடு முடிந்து நாம் புறப்படும் வேளையில், தாய் ஒருவர் ஒரு கொப்பியையும் கிளினிக் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. நான்கு வயது தொடக்கம் வயிற்றோட்டம், வயிறு ஊதல், தின்றது உடம்பில் ஒட்டாமை. பூச்சி மருந்து பல தடவை கொடுத்தாயிற்று. இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்தாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை. 2022ஆம் ஆண்டு மா விலை ஏறியபோது பாணும் ரொட்டியும் அந்த வீட்டை விட்டுப் போயின. காலையில் குரக்கன் கஞ்சி, மற்ற இரு வேளையும் சோறு, சில நாட்களில் மரவள்ளி. இரண்டு மூன்று மாதங்களில் பிள்ளையின் வயிற்றோட்டம் நின்றது, முகத்தில் தெளிவு வந்தது. இதைக் கேட்ட ஒரு மருந்தகத்தார், “பிள்ளைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, இனிமேல் கொடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை.

பின்னர், பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை என்பதைக் கவனித்த கிளினிக் வைத்தியர் ஒருவர் இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு “பிழை இல்லை” என்று வந்தது. தாய்க்கு மகிழ்ச்சி. ஆனால் வைத்தியரோ, பிள்ளை எவ்வளவு காலமாகக் கோதுமை உண்ணவில்லை என்று அப்போதுதான் கேட்டறிந்து, “அப்படியானால் இந்த முடிவை நம்ப முடியாது. ஆறு வாரம் தினமும் பாண் கொடுத்துவிட்டு மீண்டும் வாருங்கள்” என்றாராம்.

“சுவாமி, வருத்தத்தைத் தந்த சாப்பாட்டையே திரும்பவும் தீத்தச் சொல்லுகினம். இது சரியோ?” என்பதே அந்தத் தாயின் கேள்வி.

சரிதான் என்று நாம் சொன்னோம். ஏன் சரி என்பதை வாகனம் காத்துநின்ற அந்தப் பத்து நிமிடத்தில் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

கோதுமை மாவைக் குழைத்து, அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவிப் பாருங்கள். வெள்ளை மாச்சத்து தண்ணீரோடு போய்விடும். கையில் றப்பர் போல இழுபடும் ஒரு பசை மிஞ்சும். இதுவே குளூட்டன் எனப்படும் புரதம். பாண் பொங்குவதும், ரொட்டி கிழியாமல் விரிவதும் இதனாலேதான். கோதுமையிலும், பார்லியிலும், குளிர்நாடுகளில் விளையும் றை என்ற தானியத்திலும் இப்புரதம் உண்டு. எமது நெல், குரக்கன், இறுங்கு, சோளம், சாமை, தினை, உழுந்து, பயறு, ஒடியல், மரவள்ளி ஆகியவற்றில் இல்லை.

பெரும்பாலான மனிதருக்கு இப்புரதத்தால் எந்தத் தீங்கும் இல்லை. பாணைக் கண்டு பயப்படும்படி யாருக்கும் நாம் சொல்லவில்லை. ஆனால் சிலருடைய உடம்பு இப்புரதத்தைப் பகைவன் என்று எண்ணி அதனோடு போர் தொடுக்கிறது. அந்தப் போரிலே சேதமாவது சொந்தச் சிறுகுடல்தான். சிறுகுடலின் உட்சுவரில், நெருக்கமாக விதைத்த வயலில் பயிர் நிற்பது போல, சடைமுளைகள் எனும் நுண்ணிய முளைகள் இலட்சக்கணக்கில் நிற்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுவது இவற்றின் வேலை. நோய் கண்டவரில் இப்பயிர் சாய்ந்து, குறுகி, ஈற்றில் மொட்டைத் தரையாகிவிடுகிறது. அதற்குப் பின் எவ்வளவு உண்டாலும் சத்து உடம்பில் சேராது. வயிற்றோட்டமும் மெலிவும் வரும். சிலருக்கு வயிற்றில் ஒரு குறையும் இராது. குளிசைக்கு மாறாத இரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு மெலிவு, பிந்திய பூப்பு, அடிக்கடி கருச்சிதைவு என்று வேறு வழியாக வெளிப்படும். இதனைச் சீலியாக் நோய் என்பர். இது தொற்றுநோய் அல்ல. குறிப்பிட்ட இரு பரம்பரையலகுகளில் ஒன்றேனும் உள்ளவருக்கே பெரும்பாலும் வரும். ஆனால் அவை பல சமுதாயங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 பேரிடம் உண்டு. அவர்களுள் மிகச் சிலரே நோயாளராகின்றனர். உலக அளவில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்பது பொதுக் கணக்கு.

எமது மக்களிடையே இது அதிகம் பேசப்படாததற்கு ஒரு காரணம் சோறு. இந்தியாவில் 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்நோய் காணப்பட்டது, தென்னிந்தியாவிலோ 0.10 பேருக்கே. பரம்பரையலகுகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. உண்ணும் கோதுமையின் அளவிலேயே பெரிய வேறுபாடு இருந்தது.

இடம்பெயர்ந்தோர் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. மேற்குச் சகாராவிலிருந்து 1975 அளவில் துரத்தப்பட்ட மக்கள் அல்ஜீரியாவின் பாலைவனத்தில் திந்தூப் நகரை அண்டிய முகாம்களில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ஒட்டகப் பாலையும் இறைச்சியையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். முகாமிலோ நிவாரண மாவே பிரதான உணவாயிற்று. 1999இல் வெளியான ஆய்வொன்றில் அங்குள்ள 990 பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 5.6 பேருக்குச் சீலியாக் நோய் இருக்கக் கண்டனர். உலகில் அறியப்பட்ட மிக உயர்ந்த அளவுகளில் இது ஒன்று. அவர்களுடைய பரம்பரையலகும் இதற்கு ஒரு காரணம். ஆகவே எமது முகாம்களிலும் அப்படியே இருந்திருக்கும் என்று சொல்லிவிட முடியாது. எனினும், பல ஆண்டுகள் அரிசியோடு அமெரிக்கன் மாவும் பங்கீட்டில் வாங்கி, பாணும் ரொட்டியுமாகப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்களுக்கு இச்செய்தி தூரத்துச் செய்தி அல்ல என்றே நாம் எண்ணுகிறோம்.

கோதுமைதான் காரணம் என்பதை உலகம் அறிந்துகொண்ட கதையும் ஒரு யுத்தத்தோடு சேர்ந்ததே. ஒல்லாந்தின் ஹேக் நகரில் வில்லெம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர் இருந்தார். பாணை நிறுத்தினால் தன் பிள்ளை தேறுகிறது என்று ஒரு தாய் சொன்னதே அவருடைய ஆராய்ச்சிக்குத் தொடக்கம் என்று கூறப்படுகிறது. தாய்மார் கவனித்துச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளும் வைத்தியர் எக்காலத்திலும் பெறுமதியானவர். 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மனியரின் முற்றுகையால் ஒல்லாந்து நகரங்களில் பெரும் பஞ்சம் வந்தது. மக்கள் பூச்செடிக் கிழங்கைக்கூட அவித்துத் தின்றார்கள். பாண் கிடையாது. அப்படியான நாட்களிலும் டிக்கேயின் பராமரிப்பில் இருந்த இந்நோய்ப் பிள்ளைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். யுத்தம் முடிந்து பாண் திரும்பி வந்ததும் பழைய நோயும் திரும்பி வந்தது. அவர் அதோடு விடவில்லை. கோதுமையை நிறுத்தியும் மீண்டும் கொடுத்தும், மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்தும் பார்த்து, 1950இல் தமது ஆய்வு நூலில் நிறுவிக் காட்டினார். அதாவது, நிறுத்திப் பார்த்தது பாதி வேலை. திரும்பக் கொடுத்துப் பார்த்ததே மற்றப் பாதி.

இப்போது தாயின் கேள்விக்கு வருவோம். இரத்தப் பரிசோதனை எதைத் தேடுகிறது? அது கோதுமையைத் தேடுவதில்லை. குடலின் சேதத்தை நேரே பார்ப்பதுமில்லை. உடம்பு நடத்தும் அந்தப் போரின் அடையாளமான பிறபொருளெதிரிகளையே அது தேடுகிறது. இன்று பெரும்பாலும் செய்யப்படும் ரி.ரி.ஜி. என்ற பரிசோதனை, 1997இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததன் வழியாக வந்தது. கோதுமை வயிற்றுக்குள் போவது நின்றுவிட்டால் போரும் அடங்கும். பிறபொருளெதிரிகள் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்து மறையும். சாய்ந்த சடைமுளைகளும் மீண்டும் நிமிரும். பிள்ளைகளில் இது விரைவாகவும் வளர்ந்தவர்களில் பிந்தியும் நடக்கும். பிறகு இரத்தம் எடுத்தாலும், குழாய்க் கமரா விட்டுக் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்தாலும், எல்லாம் சுகமாகவே தெரியும். நோய் போய்விட்டது என்பது அதற்குப் பொருளல்ல.

குளம் வற்றிக் கிடக்கும்போது அணைக்கட்டைச் சுற்றி நடந்துபார்த்து, ஒழுக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா? தண்ணீர் நிற்கும்போதுதானே கசிவு தெரியும். அந்தப் பிள்ளையின் பரிசோதனை வற்றிய குளத்தில் செய்த பரிசோதனை.

சுகமாயிருக்கிறதே, அப்படியே விட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாணை நிறுத்தியதும் வயிறு சுகமானால் அது சீலியாக் நோய்தான் என்று சொல்ல முடியாது. கோதுமையிலுள்ள ஒருவகை மாச்சத்து, குளூட்டனோடு தொடர்பில்லாமலே சிலருக்கு வயிற்றில் வாய்வை உண்டாக்கும். கிணற்றுத் தண்ணீரால் வந்த கிருமி அதே காலத்தில் நீங்கியிருக்கலாம். நோய் இல்லாத பிள்ளையை வாழ்நாள் முழுவதும் பாண், பணிஸ், விசுக்கோத்து ஒன்றும் தொடவிடாமல் வளர்ப்பது வீண் சிலுவை. அத்தோடு உண்மையான நோய் எதுவோ அது கவனிக்கப்படாமல் கிடக்கும். மறுபக்கம், நோய் உண்மையாகவே இருந்தால், “கொஞ்சம் குறைத்துச் சாப்பிடு” என்பது போதாது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டாலே குடல் பழுதடைகிறது என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். அதை நாற்பதாகப் பிய்த்தால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு கண்டிப்பை, உறுதியான முடிவு கையில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் இருபது வயதுவரை காப்பாற்றப் போவதில்லை. கலியாண வீட்டில் ஒரு றோல்ஸ், தேநீர்க் கடையில் ஒரு பணிஸ் என்று தொடங்கிவிடும். எலும்பு மெலிவும், அரிதாகக் குடலில் ஒருவகைப் புற்றுநோயும் பின்னால் வரக்கூடியவை. கூடப்பிறந்தோருக்கும் பெற்றோருக்கும் பத்தில் ஒருவர் என்ற அளவில் நோய் இருக்கக்கூடும் என்பதால், ஒரு பிள்ளையின் முடிவு முழுக் குடும்பத்துக்கும் உரியது.

ஆகவே, இன்னும் கோதுமையை நிறுத்தாதவர்கள் நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் வழமைபோல உண்டுகொண்டே கிளினிக்குக்குப் போய் இரத்தத்தைக் கொடுங்கள். முடிவு வரும்வரை, குடல் துண்டு எடுக்கச் சொன்னால் அதுவும் முடியும்வரை, சாப்பாட்டை மாற்ற வேண்டாம். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் கீழே எழுதியிருப்பவை தேவைப்படாது.

ஏற்கெனவே நிறுத்தியவர்கள் என்ன செய்வது? வைத்தியரிடம் எப்போது நிறுத்தினீர்கள், எவ்வளவு கண்டிப்பாக நிறுத்தினீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பரம்பரையலகுப் பரிசோதனை செய்யும் வசதி இருந்தால் அதை முதலில் செய்வது நல்லது. அதற்குச் சாப்பாடு முக்கியமல்ல. அந்த இரு பரம்பரையலகுகளும் இல்லை என்று வந்தால் சீலியாக் நோய் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம். ஆறு வார வேதனை மிச்சம். செலவு கூடிய பரிசோதனை என்பதால் எல்லோருக்கும் இது கைகூடாது. நிறுத்திச் சில வாரங்களே ஆகியிருந்தால் இரத்தத்தை உடனே எடுத்துப் பார்ப்பதிலும் பயன் உண்டு.

மற்றவர்களுக்குத் திரும்ப உண்ணும் காலம் ஒன்றுதான் வழி. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் வழிகாட்டல், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில், ஆறு வாரத்துக்குக் குறையாமல் குளூட்டன் உள்ள உணவை உண்ணச் சொல்கிறது. அமெரிக்க வைத்தியர்கள் 2013இல் நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் இரண்டு வாரம், தாங்கக்கூடியவர்கள் எட்டு வாரம் என்றார்கள். இரண்டு வாரத்தில் குடலில் மாற்றம் தெரியத் தொடங்கலாம். இரத்தத்தில் பிறபொருளெதிரி ஏறுவதற்கு அதிலும் கூடிய காலம் பிடிக்கும். அதனாலேயே இரண்டு வாரத்தோடு இரத்தம் கொடுத்து, இல்லை என்று வந்ததும் திருப்தியடைவது தவறு. எமது அளவில் சொன்னால், கால் றாத்தல் பாணில் ஏறத்தாழ 6 முதல் 8 கிராம் குளூட்டன் இருக்கும். வளர்ந்த ஒருவருக்குக் காலையும் மாலையுமாகப் பிரித்து உண்ண அது போதும். பிள்ளைக்கு அதில் பாதி. சரியான அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் ஒரு துண்டோடு தொடங்கிக் கூட்டலாம். ஒரு கொப்பியில் திகதி, உண்ட அளவு, வயிற்றோட்டம் எத்தனை தடவை, நோவு, நிறை என்பவற்றை எழுதி வையுங்கள். முன்னர் வராத நோவும் களைப்பும் இப்போது கூடுதலாக வருவதுண்டு. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள். தாங்க முடியாத வாந்தி, தளர்வு என்றால் பிடிவாதமாக ஆறு வாரத்தை நிரப்ப வேண்டாம். உடனே கிளினிக்குக்குப் போங்கள். முன்கூட்டியே இரத்தம் எடுப்பார்கள்.

இதை வீட்டில் தானாகத் தொடங்கக் கூடாதவர்களும் உண்டு. கோதுமை உண்டதும் உடம்பில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வருபவருக்கு இருப்பது வேறு நோய். அவருக்கு ஒரு துண்டு பாணும் ஆபத்தாகலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், பருவமடையும் வளர்ச்சிக் காலத்தில் உள்ளவர்களுக்கும் இதைத் தவிர்க்கும்படியே பிள்ளை வைத்தியர்கள் சொல்கிறார்கள், வளர்ச்சி தடைப்படக்கூடும் என்பதால். கர்ப்பிணிகளும் மிக மெலிந்தவர்களும் வைத்தியர் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

எமது சமையலறை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். “நாங்கள் பாணை விட்டு ஒரு வருடம்” என்று சொல்லும் வீடுகளில் நாம் பிட்டு உண்டிருக்கிறோம். அரிசிமாப் பிட்டு என்பார்கள். கேட்டால், அரைவாசி அவித்த கோதுமை மா. இடியப்பமும் அப்படியே. தோசைக்கு உழுந்தோடு கோதுமை மாவைக் கலப்பதும் எங்கும் உண்டு. ரவை, சேமியா, நூடில்ஸ் மூன்றும் பெரும்பாலும் கோதுமையே. பெருங்காயத்திலும் சோயா சோசிலும் அது கலந்திருக்கும். மோல்ட் பானங்களில் பார்லி உண்டு. கோதுமையை நிறுத்திவிட்டோம் என்று நம்பிய சிலர் உண்மையில் நிறுத்தவேயில்லை. அவர்களுடைய இரத்த முடிவுக்குப் பொருளே வேறு. வைத்தியரிடம் பாணின் கதையை மட்டுமல்ல, பிட்டின் கதையையும் சொல்லுங்கள். பின்னர் நோய் உறுதியானால் மா அரிதட்டும் தோசைக்கல்லும் தனியாக வேண்டும்.

நற்கருணை பற்றியும் ஒரு வரி. திருச்சபையின் சட்டப்படி அப்பம் கோதுமையாலேயே ஆகவேண்டும். எனினும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் செல்லும் என்றும், இரச வடிவில் மட்டும் நற்கருணை உட்கொள்ளலாம் என்றும் 2003இல் உரோமையிலிருந்து வந்த கடிதம் அனுமதித்தது. 2017இல் அது மீண்டும் நினைவூட்டப்பட்டது. நோய் உறுதியானவர்கள் வெட்கப்படாமல் பங்குக் குருவிடம் சொல்லலாம்.

அந்தப் பிள்ளை ஆறு வாரமும் பாண் உண்டாள். மூன்றாம் வாரத்திலேயே வயிற்றோட்டம் திரும்பிவிட்டது. தாய் இரண்டு தடவை நிறுத்திவிட எண்ணி, கொப்பியைப் பார்த்துத் தொடர்ந்ததாகச் சொன்னார். இரண்டாவது இரத்த முடிவில் பிறபொருளெதிரி தெளிவாக ஏறியிருந்தது, குடல் துண்டும் அதையே காட்டிற்று. அன்றிரவே பாண் நின்றது. இப்போது வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நான்கு வயதுத் தம்பியும் 2022க்குப் பின் பாண் பெரிதாக உண்ணாதவன். அவனுக்கு வயது போதாது, வளர்ச்சியைக் கவனித்துப் பின்னர் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். தகப்பன் தினமும் சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் இரண்டு பணிஸ் தின்பவர். அவருக்கு ஆறு வாரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. அன்றே கையை நீட்டச் சொல்லி இரத்தம் எடுத்தார்கள்.